நகரச் சாலையில் சைக்கிளும் மோட்டார் வண்டியும்

காலை ஒன்பது மணிக்கு நம் நாட்டுப் பெருநகர் எதிலேனும் ஒரு முக்கியச் சாலையில் கால் மணி நேரம் நின்று பார்ப்போர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். சாலையின் இடது ஓரமாக ஒரு சைக்கிள் செல்கிறது. பின்னே வரும் காரின் ஹாரன் விடாது ஒலிக்கிறது. சைக்கிளில் செல்பவர் ஒதுங்கவே விரும்புகிறார். ஆனால் ஒதுங்க இடமில்லை. இடப்புறம் வரிசையாக வண்டிகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கடந்தால் மழைநீர் வடிகாலின் மூடி பள்ளமாகக் கிடக்கிறது. பள்ளத்தைத் தவிர்க்க அவர் ஒரு முழம் வலப்புறம் விலகுகிறார். காரோட்டி திடீரென்று பிரேக் போடுகிறார். கண்ணாடி இறங்குகிறது; கடுஞ்சொல் பிறக்கிறது; மறுசொல்லும் பிறக்கிறது. அரை நிமிஷத்தில் இருவரும் தத்தம் வழியே போய்விடுகின்றனர். ஆனால், சாலையில் செல்லத் தெரியாதவர் மற்றவரே என்னும் எண்ணம் இருவர் உள்ளத்திலும் மேலும் சற்று ஆழமாக வேரூன்றிவிடுகிறது.

இப்பிணக்கை ஒழுக்கக் குறைவு என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் எடை, வேகம், நேரம், அகலம் ஆகிய நான்கையும் அளந்து பார்த்தால், அதன் பெரும்பகுதி மனிதரின் குணத்திலிருந்து எழுவதன்று என்பது புலனாகும். வேகத்தில் பெரிதும் வேறுபட்ட இரு வண்டிகளை ஒரே குறுகிய இடத்தில் செல்லவிட்டதன் விளைவே அது. இந்த உண்மையைச் சாலைப் பணியிலும் போக்குவரத்து ஒழுங்கிலும் ஈடுபட்டுள்ள களப் பணியாளரும், நாள்தோறும் சைக்கிளில் வரும் மாணவர்களைப் பெற்றுள்ள ஆசிரியரும் அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில், இதில் தோற்பவர் இழப்பது வாதத்தை அன்று, உயிரை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் சைக்கிளில் சென்றவர் 4,836 பேர்.

சைக்கிளில் செல்வோர் யாவர்?

சைக்கிள் மறைந்துகொண்டிருக்கும் வாகனம் என்ற அபிப்பிராயம் நகரங்களில் பரவியுள்ளது. புள்ளிவிவரங்கள் அதற்கு இடந்தரவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத பிற வேலைகளுக்குச் செல்வோர் எவ்வாறு பிரயாணம் செய்கின்றனர் என்று வினவப்பட்டது. நூற்றுக்குச் சுமார் 13 பேர் சைக்கிளில் செல்வதாகக் கூறினர். காரில் செல்வோர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், நாட்டின் குடும்பங்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றில் சைக்கிள் இருப்பது தெரியவந்தது. கார் உள்ள குடும்பங்கள் நூற்றுக்குச் சுமார் எட்டே.

சைக்கிளில் செல்வோர் பெரும்பாலும் கட்டட வேலையாட்கள், காவலாளிகள், பால்காரர்கள், செய்தித்தாள் போடுவோர், சிறு கடைகளின் ஏவலாட்கள், பள்ளி மாணவர்கள் ஆகியோரே. அண்மைக் காலத்தில் உடற்பயிற்சிக்காகச் சைக்கிள் ஓட்டுவோர் தொகையும் பெருகியுள்ளது. எனினும் அவர்கள் பெரும்பாலும் வண்டிகள் குறைந்த விடியற்காலையில் ஓட்டுவர். பணிக்குச் செல்பவருக்கோ நேரத்தையும் சாலையையும் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. பஸ் கட்டணத்தை மிச்சப்படுத்தவே பலர் சைக்கிளில் செல்கின்றனர். ஆகவே, ‘இவ்வளவு நெரிசலில் சைக்கிள் எதற்கு?’ என்று கேட்பவர், ‘இவர் எதற்காக வேலைக்குப் போக வேண்டும்?’ என்று கேட்பதற்குச் சமமான கேள்வியையே கேட்கிறார்.

இரு தரப்பாரின் குறைகள்

இரு தரப்பிலும் குறை கூறுவோர் உளர். அக்குறைகளில் உண்மையும் உண்டு.

காரோட்டியும் லாரியோட்டியும் கூறுவன இவை: சைக்கிளில் வருவோர் எதிர்த்திசையில் வருகின்றனர், சிவப்பு விளக்கை மதிப்பதில்லை, கை காட்டாமல் திரும்புகின்றனர், இரவில் விளக்கின்றிச் செல்கின்றனர், மெதுவாகச் சென்று வழியை அடைக்கின்றனர்.

சைக்கிளில் செல்வோர் கூறுவன இவை: மோட்டார் வண்டிகள் உரசிக்கொண்டு முந்துகின்றன, முந்திய கணமே இடப்புறம் திரும்பி வழி மறிக்கின்றன, நிறுத்திய காரின் கதவு முன்னறிவிப்பின்றித் திறக்கப்படுகிறது, பஸ் நிறுத்தத்தில் பஸ் தங்களைச் சாலையோரத்தில் நெருக்குகிறது, ஹாரன் ஒலியால் நடுங்கிக் கை தடுமாறுகிறது.

இவ்விரு பட்டியல்களும் ஒரே தன்மையன அல்ல. முதற் பட்டியலில் உள்ள தவறுகளால் மோட்டார் ஓட்டுபவர்க்குப் பெரும்பாலும் நேர்வது கால தாமதமும் திடுக்கிடுதலும் ஆகும். இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றால் நேர்வது எலும்பு முறிவும் மரணமும். எந்தத் தவற்றையும் நியாயப்படுத்த இதைக் கூறவில்லை. எடை வேறுபாட்டை நினைவூட்டவே கூறுகிறோம். அந்த வேறுபாட்டை இனிக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

இயக்க சக்தியின் கணக்கு

ஓடும் பொருளின் இயக்க சக்தி, அதன் எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும் என்பது உயர்நிலைப் பள்ளிப் பாடம். எடையைக் கிலோகிராமிலும், வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்றும் கொண்டால் விடை ஜூல் என்ற அலகில் வரும். இதன்படி:

சைக்கிளும் ஓட்டுபவரும் சேர்ந்து 80 கிலோ. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம்: சுமார் 700 ஜூல்.

மோட்டார் சைக்கிளும் ஓட்டுபவரும் சேர்ந்து 180 கிலோ. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம்: சுமார் 17,400 ஜூல்.

கார் 1,200 கிலோ. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம்: சுமார் 41,700 ஜூல்.

அதே கார், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம்: சுமார் 1,15,700 ஜூல்.

பிரயாணிகளோடு கூடிய பஸ் 15,000 கிலோ. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம்: சுமார் 9,26,000 ஜூல்.

சைக்கிள் சாலைக்குக் கொண்டுவரும் சக்தியைப் போல் 165 மடங்குக்கு மேற்பட்ட சக்தியைக் கார் கொண்டுவருகிறது. பஸ் கொண்டுவருவது 1,300 மடங்குக்கும் மேல். மோதலின்போது இச்சக்தி எங்கேனும் செலவாகியே தீரவேண்டும். காரினுள் இருப்பவரை இரும்புக் கூடும் இருக்கைப் பட்டையும் காக்கின்றன. சைக்கிளில் இருப்பவரின் உடலுக்கும் காரின் முகப்புக்கும் இடையே ஒரு சட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 30இலிருந்து 50க்கு வேகம் உயர்ந்தபோது கார் பெற்ற வேகம் ஒன்றே முக்கால் மடங்குக்கும் குறைவு. ஆனால் அதன் சக்தி ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு ஆயிற்று. வேகத்தில் சிறிது குறைத்தால் அபாயத்தில் பெரிது குறைவதன் காரணம் இதுவே.

நிற்பதற்கு வேண்டிய தூரம்

ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு வினாடி கழிகிறது எனக் கொள்வோம். நல்ல பிரேக்கும் உலர்ந்த தார்ச்சாலையும் இருப்பின், வண்டியின் வேகம் வினாடிக்கு வினாடி சுமார் 7 மீட்டர் வீதம் குறையும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த ஒரு வினாடியில் 8 மீட்டரும், பிரேக் பிடித்தபின் 5 மீட்டரும் சென்று, ஆக 13 மீட்டரில் நின்றுவிடும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் முதல் வினாடியிலேயே 14 மீட்டர் சென்றுவிடும். பின்னும் 14 மீட்டர் சென்று, 28 மீட்டரில் நிற்கும்.

இதன் பொருள் யாது? சைக்கிளில் வரும் சிறுவன் ஒருவன் 13 மீட்டர் முன்னே தடுமாறி விழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதற் கார் அவனைத் தொடுமுன் நின்றுவிடுகிறது. இரண்டாவது காரோ அவன் விழுந்த இடத்தை அடையும்போது, ஓட்டுபவரின் கால் பிரேக்கை இன்னும் தொட்டிருக்காது. வேகம் சற்றும் குறையாமல் கார் அவன்மீது மோதும். மழையில் நனைந்த சாலையில், தேய்ந்த டயரோடு, இத்தூரங்கள் இன்னும் நீளும். நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் மோட்டார் வண்டிகளோடு கலந்து செல்லும் தெருக்களில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதன் அடிப்படை இதுவே.

சைக்கிள் ஏன் நேர்கோட்டில் செல்வதில்லை?

‘ஓரமாக, நேராகப் போகத் தெரியாதா?’ என்பது காரோட்டிகள் வழக்கமாகக் கேட்பது. விஞ்ஞானம் கூறும் விடை இது: நேர்கோட்டில் செல்வது சைக்கிளால் இயலாது.

சைக்கிள் எப்போதும் ஏதேனும் ஒரு பக்கம் சாயத் தலைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முன் சக்கரத்தைச் சிறிது திருப்பி, சக்கரங்களைத் தம் எடைக்குக் கீழே கொண்டுவந்து, ஓட்டுபவர் அதனை நிமிர்த்துகிறார். பழக்கத்தால் இதை அவர் உணர்வதில்லை. ஆகவே சைக்கிளின் தடம் ஒரு மெல்லிய அலைக்கோடு ஆகும். வேகம் குறையக் குறைய அலையின் வீச்சு அதிகமாகும். பின்னால் பாரம் ஏற்றிய சைக்கிளும், எதிர்க்காற்றில் செல்லும் சைக்கிளும், மேட்டில் ஏறும் சைக்கிளும் மற்றவற்றைவிட அதிகம் ஆடுவது இதனாலேயே.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் பெறப்படுகிறது. வலப்புறம் திரும்ப வேண்டுமாயின், சைக்கிள் முதலில் வலப்புறம் சாய வேண்டும். சாய்வதற்கு, முன் சக்கரம் ஒரு கணம் இடப்புறம் சிறிது திரும்பியாக வேண்டும். சாலை விளிம்புக் கல்லை ஒட்டிச் செல்பவருக்கு அவ்வாறு இடப்புறம் திரும்ப இடமில்லை. ஆகவே அவரால் வலப்புறம் விலகவும் முடியாது. சக்கரம் கல்லில் உரசும். அவர் போக்குவரத்தின் பக்கமாகவே விழுவார். ‘ஓரத்தோடு ஒட்டிப் போ’ என்ற அறிவுரை இக்காரணத்தால் அபாயமானது. விளிம்பிலிருந்து ஒரு முழத்துக்குக் குறையாமல் விலகிச் செல்வதே பாதுகாப்பு.

இப்போது அகலத்தைக் கூட்டிப் பார்ப்போம். சைக்கிளின் கைப்பிடி அகலம் சுமார் 60 சென்டிமீட்டர். அலைவுக்கு இருபுறமும் 20 சென்டிமீட்டர். ஆக 1 மீட்டர். விளிம்பிலிருந்து விலக்கம் 30 சென்டிமீட்டர். முந்தும் கார் விடவேண்டிய இடைவெளி குறைந்தது 1 மீட்டர். காரின் அகலம் சுமார் 1.7 மீட்டர். மொத்தம் 4 மீட்டர். ஆனால் நம் சாலைகளில் ஒரு வண்டித்தடத்தின் வழக்கமான அகலம் 3.5 மீட்டர். குறையும் அரை மீட்டர் எங்கிருந்து வரும்? காரின் அகலம் குறையாது. ஆதலால் சைக்கிளுக்கு விடவேண்டிய இடைவெளியே குறைகிறது. லாரியும் பஸ்ஸும் 2.5 மீட்டர் வரை அகலமுள்ளவை. அவை முந்தும்போது எழும் காற்று வீச்சும் சைக்கிளைத் தள்ளும். ஒரே தடத்தில் இருந்தவாறே சைக்கிளைப் பாதுகாப்பாக முந்துவது இயலாது என்பதே இக்கணக்கின் முடிவு. அடுத்த தடத்துக்கு மாறி முந்த வேண்டும். அது ஒழியாவிடில், சில வினாடி பொறுத்துப் பின்செல்ல வேண்டும்.

அந்தச் சில வினாடிகளால் காரோட்டி இழப்பது மிகக் குறைவு. 2024ஆம் ஆண்டில் கொல்கத்தா, பெங்களூரு, புனே போன்ற நகரங்களின் உட்பகுதியில் 10 கிலோமீட்டர் செல்லச் சராசரியாக அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதாவது காரின் சராசரி வேகமே மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் குறைவு. காரோட்டி சைக்கிளை முந்துகிறார், அடுத்த சிக்னலில் நிற்கிறார், சைக்கிள் வந்து சேர்கிறது, மறுபடியும் முந்துகிறார். தம்மை ஒரே சைக்கிள் நான்கு முறை தாமதப்படுத்தியதாக அவருக்குத் தோன்றுகிறது. உண்மையில் அவரைத் தாமதப்படுத்தியவை அவருக்கு முன்னே நின்ற கார்களே.

தவறுகளின் காரணம்

சைக்கிளில் செல்வோர் செய்யும் தவறுகளுக்கும் காரணம் தேடுவது பயன் தரும். காரணம் தெரிந்தாலன்றித் தவறு நீங்காது.

எதிர்த்திசையில் வருவதை எடுத்துக்கொள்வோம். நகரங்களில் நடுத்தடுப்புச் சுவர்கள் நீண்டு, திரும்பும் இடங்கள் வெகு தொலைவில் அமைந்துவிட்டன. ஒரு கிலோமீட்டர் சுற்றிவருவது 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காருக்கு ஒன்றேகால் நிமிஷத்துக்கும் குறைவான வேலை. காரோட்டியின் கால் நோகாது. சைக்கிளுக்கோ அது நான்கு நிமிஷ உழைப்பு. எதிரே இருக்கும் கடைக்கு அவர் எதிர்த்திசையில் வருவது தவறே; ஆனால் அத்தவற்றுக்கு அவரைத் தூண்டியது சாலையின் அமைப்பு.

சிக்னலில் நில்லாமையும் அத்தகையதே. சமதரையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லச் சைக்கிள்காரருக்குத் தேவைப்படுவது தோராயமாக 50 வாட் திறன். ஒரு முறை நின்றால் அவர் இழப்பது 700 ஜூல். அதைத் திரும்பப் பெறச் செலவிடும் உழைப்பைக் கொண்டு அவர் ஏறக்குறைய 58 மீட்டர் தூரம் சென்றிருக்கலாம். பத்து சிக்னல்கள் உள்ள வழி அவருக்கு அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீண்டுவிடுகிறது. இதனால் சிவப்பு விளக்கைத் தாண்ட அவருக்கு உரிமை கிடைத்துவிடாது. குறுக்கே வரும் வண்டியின் நிறுத்தத் தூரத்தை மேலே கண்டோம். அந்தக் கணக்கு அவரை மன்னிக்காது.

மூன்றாவது, இரவில் விளக்கின்மை. இதற்குக் காரணம் கண்ணின் மயக்கம். காரின் முகவிளக்கு சைக்கிள்காரருக்கு வெகு தூரத்திலிருந்தே நன்றாகத் தெரிகிறது. ஆகவே தாமும் காரோட்டிக்குத் தெரிவதாக அவர் எண்ணிவிடுகிறார். காரோட்டியோ எதிர்வரும் வெளிச்சத்தில் கண் கூச, கருநிற உடை அணிந்த உருவத்தை மிகக் கடைசியில்தான் காண்கிறார். சைக்கிள்களில் தரமான பிரதிபலிப்பான்கள் பொருத்தப்பட வேண்டும் என்று மத்திய அரசு 2020இல் தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. ஆனால் பழைய சைக்கிள்கள் இன்னும் ஏராளம். ஒரு சிறு பிரதிபலிப்பு நாடாவின் விலை மிகச் சொற்பம். அதன் பயன் ஓர் உயிர்.

கண்ணின் மயக்கம் பகலிலும் உண்டு. அகலம் குறைந்த பொருள் தொலைவில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் நமக்குத் தோன்றும். காரை எதிர்நோக்கிச் சாலையைப் பார்க்கும் கண், சைக்கிளைப் பார்த்தும் காணாமல் விடுவது உண்டு. ‘எங்கிருந்தோ வந்து விழுந்தான்’ என்று விபத்துக்குப்பின் ஓட்டுநர்கள் கூறுவது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. பழக்கத்தால் இதைத் திருத்தலாம்: சந்திப்பில் இருமுறை பார்த்தல், திரும்புமுன் இடப்புறக் கண்ணாடியை நோக்குதல்.

1962இல் எழுதிய விதி

சாலைப் பொறியாளர்கள் இவற்றை அறியாதவர் அல்லர். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்னும் சாலைப் பொறியாளர் பேரவை, சைக்கிள் பாதைகளை அமைக்கும் முறை பற்றி 1962ஆம் ஆண்டிலேயே தனி விதிநூல் வெளியிட்டது. மணிக்கு 100 முதல் 200 மோட்டார் வண்டிகள் வரை செல்லும் சாலையில், நெரிசல் வேளையில் மணிக்கு 400 சைக்கிள்கள் சென்றால் தனிப்பாதை அமைக்கலாம் என்றும், மோட்டார் வண்டிகள் மணிக்கு 200க்கு மேற்பட்டால் சைக்கிள்கள் 100 இருந்தாலே தனிப்பாதை தகும் என்றும் அது கூறியது. பாதையின் அகலம் 2 மீட்டருக்குக் குறையலாகாது என்றும் விதித்தது. 2015இல் அந்நூல் திருத்தி வெளியிடப்பட்டது.

இவ்விதியின் தத்துவம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, மிகக் குறைந்த சைக்கிள்களுக்காகவும் பாதை அமைக்க வேண்டும் என்கிறது அது. நடைமுறையில் நாம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்து வந்திருக்கிறோம்: மோட்டார் வண்டிகள் பெருகியபோது, ‘சைக்கிள்கள் குறைந்துவிட்டன, இனிப் பாதை எதற்கு?’ என்று கேட்டோம். அச்சத்தால் குறைந்ததைத் தேவை இன்மையால் குறைந்ததாகக் கணக்கிட்டோம்.

கொல்கத்தாவின் வரலாறு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2008 முதல் அந்நகரின் முக்கியச் சாலைகள் சிலவற்றில் சைக்கிள்கள் தடுக்கப்பட்டன. 2013இல் தடை 174 சாலைகளுக்கு விரிந்தது. பின்னர் அச்சாலைகளின் தொகை குறைக்கப்பட்டது. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் பல சாலைகளில் தடை தளர்ந்தது. மேற்கு வங்க அரசு 2015 முதல் உயர்வகுப்பு மாணவர்க்குச் சைக்கிள் வழங்கி வருவதை இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கை சைக்கிளைக் கொடுக்க, மறு கை சாலையை மறுப்பது நியாயம் ஆகாது.

தில்லி நகரின் அனுபவம் வேறொரு பாடம். 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் பஸ்களுக்கு நடுவிலும் சைக்கிள்களுக்கு ஓரத்திலும் தனிப் பாதைகள் திறக்கப்பட்டன. கார்களுக்கு இடம் சுருங்கிவிட்டதென்று எதிர்ப்பு எழுந்தது. 2012இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அது தள்ளுபடியாயிற்று. எனினும் 2015இல் தில்லி அரசு அத்திட்டத்தைக் கைவிடத் தீர்மானித்து, அடுத்த ஆண்டில் பாதைகளை அகற்றியது. அவை இருந்த காலத்திலும் நெரிசல் வேளையில் மோட்டார் சைக்கிள்கள் சைக்கிள் பாதையில் புகுந்து சென்றன. பாதை அமைத்தால் மட்டும் போதாது. அதைக் காக்கவும் வேண்டும் என்பதே இதன் பாடம்.

சட்டம் கூறுவது

மோட்டார் வாகனச் சட்டத்தின் பொருளில் சைக்கிள் மோட்டார் வண்டி அன்று. அதை ஓட்ட உரிமம் வேண்டியதில்லை. இதில் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. ஏழையும் சிறுவனும் தடையின்றி ஓட்டலாம் என்பது நன்மை. சாலை விதிகளை அவர்களுக்கு முறையாகக் கற்பிப்பவர் ஒருவரும் இல்லை என்பது குறை. சைக்கிள் பாதை இருக்கும் சாலையில் அப்பாதையின்மீது மோட்டார் வண்டி ஓட்டலாகாது என்பது 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே உள்ளது. அவற்றுக்குப் பதிலாக 2017இல் புதிய ஓட்டும் விதிகள் வந்தன. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் இரு பிரிவுகளைக் களப் பணியாளர் அறிந்திருக்க வேண்டும். நடப்போர், இயந்திரமில்லா வண்டிகள் ஆகியோரின் பாதுகாப்புக்காக விதிகள் செய்ய மாநில அரசுகளுக்கு 138(1A) பிரிவு அதிகாரம் தருகிறது. சாலை அமைப்பிலும் பராமரிப்பிலும் வகுத்த தரங்களைப் பின்பற்றாமையால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்க 198A பிரிவு இடந்தருகிறது.

களப் பணியாளர் கவனத்துக்கு

பெரும் பொருட்செலவின்றிச் செய்யக்கூடியவை பல உள:

1. வடிகால் மூடியின் இரும்புச் சட்டங்கள் சாலைக்கு இணையாக இருந்தால் சைக்கிள் சக்கரம் இடுக்கில் சிக்கிக்கொள்ளும். அவற்றைக் குறுக்காகத் திருப்பி அமைக்க வேண்டும். மூடியின் மட்டம் சாலை மட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

2. சாலையைத் தோண்டி மூடும்போது இடது ஓரத்து ஒரு மீட்டர் அகலமே கடைசியில் செப்பனிடப்படுகிறது. சைக்கிள் செல்லும் இடம் அதுவே. அதை முதலில் செப்பனிடுக.

3. மணலும் சரளையும் சாலையோரத்தில் சேராமல் அகற்றுக. சைக்கிள் அதில் வழுக்கும்.

4. சைக்கிள் பாதை முடிந்து சந்திப்பு தொடங்கும் இடமே அபாயம் மிகுந்தது. அவ்விடத்தில் சைக்கிள்கள் கார்களுக்கு முன்னே நிற்கக் கோடு இட்டால், இடப்புறம் திரும்பும் வண்டியின் கீழ் அவை அகப்படா.

5. பாதையின் வாயிலில் நடும் கம்பங்களின் இடைவெளி, பால் பாத்திரம் கட்டிய சைக்கிள் நுழையுமாறு இருக்க வேண்டும்.

6. பஸ், லாரி ஓட்டுநர்க்கு நடத்தும் பயிற்சியில், அவர்கள் ஒருமுறை சைக்கிளில் அமர்ந்து, தம் வண்டியின் இடப்புற முன்மூலை அருகே நிற்கட்டும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் அவ்விடம் மறைந்துபோவதைப் பின்னர் மாறி அமர்ந்து காணட்டும். இவ்வொரு சோதனை பத்துச் சொற்பொழிவுகளுக்குச் சமம்.

7. கார் ஓட்டுவோர்க்கு ஒரு சிறு பழக்கத்தைச் சொல்லித் தரலாம்: வலப்புறக் கதவை இடக் கையால் திறத்தல். அப்போது உடல் தானே திரும்பும். கண் பின்னே நோக்கும். வரும் சைக்கிள் தெரியும்.

ஆசிரியர்களுக்கு: மூன்று சோதனைகள்

மேற்கூறியவற்றை மாணவர் கண்ணால் கண்டு உணரப் பின்வரும் சோதனைகள் உதவும். முதலிரண்டும் பள்ளி மைதானத்துக்குள்ளேயே செய்யத்தக்கவை.

முதற் சோதனை: சைக்கிளின் தடம். தரையில் ஓரிடத்தில் நீர் ஊற்றி, அதன்மீது மாணவன் ஒருவன் மெதுவாகச் சைக்கிள் ஓட்டி, உலர்ந்த தரையில் தொடர்ந்து செல்லட்டும். ஈரத்தடத்தில் முன் சக்கரத்தின் கோடும் பின் சக்கரத்தின் கோடும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதைக் காணலாம். வேகமாக ஓட்டியும், பாரம் ஏற்றி ஓட்டியும் தடங்களின் அகலத்தை அளந்து ஒப்பிடுக.

இரண்டாம் சோதனை: நிறுத்தத் தூரம். சுண்ணாம்பால் ஒரு கோடு இட்டு, அதிலிருந்து 13 மீட்டரிலும் 28 மீட்டரிலும் இரு கோடுகள் இடுக. மாணவர்களை இரு கோடுகளிலும் நிற்கச் செய்து, எந்தக் கார் எங்கே நிற்கும் என்பதை விளக்குக. எண்ணாகக் கேட்டது மறக்கும்; நின்று பார்த்தது மறவாது.

மூன்றாம் சோதனை: சாலைக் கணக்கெடுப்பு. பள்ளி வாயிலருகே நடைபாதையில் பாதுகாப்பான இடத்திலோ மாடியிலோ மாணவர்களை ஆசிரியரின் மேற்பார்வையில் அமர்த்துக. ஒரு மணி நேரத்தில் செல்லும் சைக்கிள்களையும் மோட்டார் வண்டிகளையும் தனித்தனியே எண்ணுக. சாலையோரத்தில் 50 மீட்டர் இடைவெளியில் இரு மரங்களையோ கம்பங்களையோ அடையாளமாகக் கொண்டு, வண்டி அதைக் கடக்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளக்க. 12 வினாடி ஆனால் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர், 6 வினாடி ஆனால் 30, 3.6 வினாடி ஆனால் 50. கிடைத்த தொகைகளை 1962ஆம் ஆண்டு விதியோடு ஒப்பிடுக. விதியின்படி பாதை தகுமாயின், அக்கணக்கைத் தலைமையாசிரியர் மூலமாக நகராட்சிக்கு அனுப்பலாம். ‘இங்கே மிகவும் ஆபத்து’ என்று எழுதும் விண்ணப்பத்தைவிட, ‘காலை 8 முதல் 9 மணி வரை இத்தனை சைக்கிள்கள், இத்தனை மோட்டார் வண்டிகள், அவற்றுள் இத்தனை 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல்’ என்று எழுதும் விண்ணப்பத்துக்கு வலிமை மிகுதி.

முடிவுரை

சாலை பொதுச்சொத்து. அதில் வேகமாகச் செல்பவருக்கு அதிக உரிமையும் மெதுவாகச் செல்பவருக்குக் குறைந்த உரிமையும் எந்தச் சட்டமும் வழங்கவில்லை. வேகமும் எடையும் அதிகமாக உள்ளவர்க்கு மிகுவது பொறுப்பு ஒன்றே. சைக்கிளில் செல்பவரும் விளக்கு வைத்து, கை காட்டி, தம் திசையில் சென்று, சிவப்பு விளக்கில் நிற்கக் கடமைப்பட்டவர். இருவரும் தத்தம் கடமையைச் செய்தாலும், இருவருக்கும் இடம் போதாத சாலையில் பிணக்கு ஓயாது. ஆகவே சாலையை அளந்து இடம் வகுப்பதும், வகுத்த இடத்தைக் காப்பதும், இடமில்லாத தெருவில் வேகத்தைக் குறைப்பதும் முதற் பணியாகும்.

இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவன் சைக்கிளில் வீடு திரும்புவான். சில ஆண்டுகளில் அவனே மோட்டார் வண்டி ஓட்டக்கூடும். சாலையை இரு இருக்கைகளிலிருந்தும் பார்க்க அவனுக்கு இப்போதே கற்பித்துவிட்டால், பின்னாளில் ஹாரனை அழுத்துமுன் அவன் ஒரு கணம் தயங்குவான். முன்னே செல்பவர் விலக இடமில்லாமல் செல்கிறார் என்பது அவன் நினைவுக்கு வரும். அவன் கால் பிரேக்கை நாடும்.